பதினோரு நடை மண்

எங்கள் கல்லூரியில் தாவரவியல் துறையைத் தேடி வெளி ஆட்கள் வருவது குறைவு. வந்தால் தென்னையில் விழுந்த வண்டுக்கு மருந்து கேட்டு வருவார்கள். இல்லையென்றால் சர்க்கரை நோய்க்கு எந்த இலையைச் சாப்பிடலாம் என்று கேட்டு வருவார்கள். ஓர் ஐப்பசி மாதக் காலையில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக ஒருவர், கையில் சின்ன எவர்சில்வர் டப்பாவோடு ஆய்வக வாசலில் நின்றபோது, இவர் இரண்டாவது வகை என்றே நினைத்தேன்.

“சுகருக்கு மருந்தா அண்ணாச்சி?” என்று நானே கேட்டுவிட்டேன்.

“சுகர் இருக்கு. அதுக்கு மாத்திரை சாப்பிடுதேன். இது வேற,” என்று டப்பாவைத் திறந்து மேஜைமேல் வைத்தார். “இது விஷமான்னு பாத்துச் சொல்லணும் டீச்சர். உள்ள ஒரு ஈ மாட்டிக்கிட்டுக் கெடக்கு. வெளிய விடவும் மாட்டங்கு.”

ஈரத்துணிக்குள் ஒரு பூ. சுண்டுவிரலில் பாதி நீளம். அடியில் குடுவைபோல உப்பி, மேலே குழலாக ஒடுங்கி, நுனியில் ஐந்து இதழும் சேர்ந்து ஒரு சின்னக் கூண்டுபோல மூடியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் கருஞ்சிவப்புப் புள்ளிகள். குழலுக்குள் ஈ அசைவது வெளியே தெரிந்தது.

இருபது வருஷம் அந்தச் செடியைப் பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். காகிதத்தில் ஒட்டிய காய்ந்த மாதிரியாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் வேறு ஊரில். அதன் தாவரவியல் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்தால் தேடி வந்து தோண்டிக்கொண்டு போய் விற்கிறவர்கள் உண்டு.

“இது விஷமில்ல,” என்றேன். “ஈ நாளைக்குத் தானா வெளிய வந்துரும். அது வந்தாத்தான் அடுத்த பூவுல மகரந்தம் போய்ச் சேரும். இதை எங்க பறிச்சிய?”

குருவிகுளம் போகிற சாலையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது. கரிசல் தொடங்குவதற்கு முன்னால் வருகிற சரளைக்கல் மேடு. எதுவும் விளையாது. நூல் கிடங்கு கட்டுவதற்காக வாங்கிப்போட்டிருந்தார். ஊருக்குள் விசைத்தறிக்கூடம் வைத்திருந்த அவரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஊர்ச் சாலைகளில் பஸ்ஸுக்கும் நாய்க்கும் பயந்து, காரில் அந்த மேட்டுக்குப் போய் வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு வருவாராம். மழைக்குப் பிறகு ஒருநாள் முள்செடியில் சுற்றிக்கிடந்த கொடியில் இந்தப் பூவைப் பார்த்திருக்கிறார்.

அன்று மத்தியானமே அவருடைய காரில் போனேன். குனிந்து குனிந்து தேடியதில் அந்தக் கொடிகள் நாற்பத்தொன்று கிடைத்தன. நடுவில் நரிவெங்காயம், நிலப்பனை, கண்வலிக்கிழங்குக் கொடி எல்லாம் இருந்தன. சுற்றியிருந்த நிலமெல்லாம் உழவாகவும் மனையாகவும் மாறியபோது, கிடங்கு கட்டத் தாமதமானதால் மட்டுமே தப்பித்த இடம் அது.

“ரொம்ப அபூர்வமா?” என்று கேட்டார்.

“ரொம்ப.”

“அப்போ கிடங்கை வேற எங்கயாவது கட்டிக்கிடுதேன்.”

இவ்வளவுதான் பேச்சு. ஒரு நிலத்தைக் காப்பாற்ற எத்தனையோ மனு எழுதித் தோற்ற ஆட்களை எனக்குத் தெரியும். இவர் கார்க் கதவைத் திறந்தபடி, காபி வேண்டாம் டீ போதும் என்பதுபோலச் சொல்லிவிட்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக வந்தது.

அப்போது நான் ஒரு தப்பு செய்தேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் அது தப்பு என்று தெரிந்தது. “நாம இதை ஒரு தாவரவியல் பூங்காவா வச்சுக் காப்பாத்தலாம்” என்றேன்.

“ஊட்டியில இருக்கே, அது மாதிரியா?”

“அது மாதிரிதான். நம்ம ஊருக்கு ஏத்தாப்ல.”

அவர் தலையாட்டினார். பூங்கா என்றதும் அவருக்குள் என்ன படம் எழுந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அண்ணாச்சி கொடுத்துப் பழகியவர். ஊரில் பள்ளிக்கூடப் பெஞ்சிலும், கோயில் டியூப் லைட்டிலும், பஸ் ஸ்டாண்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் ‘உபயம்’ என்று போட்டு அவர் பெயர் இருக்கும். கொடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும் அவருக்கு. இது பெருமைக்காக மட்டும் இல்லை. பெஞ்சில் பிள்ளைகள் உட்காருவதைப் பார்த்தால் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அந்த மேட்டில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. வேலி போட்டார், ஒரு காவலாளியை வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் கேட்டதற்கெல்லாம் வேண்டாம் என்று மட்டுமே சொன்னேன்.

“போர் போட்டுத் தண்ணி பாச்சட்டா டீச்சர்?” வேண்டாம்.

“புல்தரை போடுவோமா? கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வாரான்.” வேண்டவே வேண்டாம்.

“ஒரு நீரூற்று? சின்னதா?” வேண்டாம் அண்ணாச்சி.

“ஒண்ணும் வேண்டாம்னா நான் என்னதான் செய்ய?”

“சும்மா விட்டாப் போதும்.”

அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். ஏன் சும்மா விட வேண்டும் என்று மட்டும் நான் விளக்கவே இல்லை. செடிகளின் பெயர்களைச் சொன்னேன். அவை எந்தக் குடும்பம், எந்த நாடுகளில் அவற்றின் உறவுகள் இருக்கின்றன என்றெல்லாம் சொன்னேன். அவர் ஒரு டைரியில் எழுதிக்கொள்வார். மழைக்காலம் முடிந்து மாசி பிறந்ததும் மேட்டில் எல்லாம் காய்ந்து, முள்ளும் சருகுமாகிவிடும். அப்போது நான் அங்கே போகமாட்டேன். பரீட்சை வேலை வந்துவிடும். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு மறுபடி போவேன். அண்ணாச்சி தினமும் அங்கேதான் நடந்தார். எட்டு மாதம் காய்ந்த சருகை மட்டுமே பார்த்தபடி நடந்திருக்கிறார்.

சித்திரையில் ஒரு சின்னத் திறப்பு விழா வைக்கலாம் என்று அவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. எத்தனை தடவைதான் மறுப்பது? நாலு வியாபாரிகள் வருவார்கள், டீ குடிப்பார்கள், போவார்கள் என்று விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒருநாள் மூன்று மணி வகுப்பு முடிந்து வெளியே வந்தால், கல்லூரி வாசலில் அவர் கார் நின்றது.

“டீச்சர், ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க. ஒரு விஷயம் காட்டணும்.”

முகமெல்லாம் சிரிப்பு. வழியில் என்ன கேட்டும் சொல்லவில்லை. “வந்து பாருங்க” என்பதோடு சரி.

கார் நின்றது. நான் இறங்கினேன். இது எந்த இடம் என்று ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

மேட்டில் முக்கால்வாசி மட்டமாகிக் கிடந்தது. ஒரு முள் இல்லை, ஒரு சருகு இல்லை, ஒரு கல்கூட இல்லை. சிவந்த தரையில் ஜேசிபி சக்கரத் தடம் மட்டும் வரிவரியாக ஓடியது. பந்தலுக்கு நாலு மூலையிலும் குழி தோண்டியிருந்தார்கள். கிரிக்கெட் விளையாடலாம், அவ்வளவு சுத்தம்.

“காஞ்ச முள்ளுக்குள்ள ஆளுகளை எப்படிக் கூட்டிட்டு வர? அதான் நேத்தும் இன்னைக்கும் ஜேசிபி விட்டுச் சுத்தம் பண்ணிட்டேன். நீங்க கேட்டா வேண்டாம்பிய. அதான் சொல்லல,” என்றார்.

காரின் முன்பக்கத்தில் சாய்ந்துகொண்டேன். சூடு கையில் உறைத்தது.

“என்ன டீச்சர், பிடிக்கலியா?”

“அந்தக் கொடி?”

“அது மாசியிலயே காஞ்சு செத்துப்போச்சே. நான்தான் தினம் பாக்குதேனே. போன வருஷமும் இப்படித்தான் எல்லாம் போச்சு. பெறவு மழைக்கு விதையில இருந்து புதுசா வந்துச்சுல்லா?”

“விதையில இருந்து வரல அண்ணாச்சி. அது சாகவே இல்ல. கீழ கிழங்கு இருக்கு. மேல கொடி காஞ்சாலும் கிழங்கு மண்ணுக்குள்ள உசுரோட கெடக்கும். மழை வந்தா அதுல இருந்துதான் திரும்ப முளைக்கும்.”

அவர் அந்தத் தரையைப் பார்த்தார். பிறகு, கோபமே இல்லாமல் சொன்னார்:

“நீங்க இதைச் சொல்லவே இல்லியே டீச்சர்.”

சொல்லவில்லைதான். அந்தச் செடியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசியிருப்பேன். அது கிழங்கிலிருந்து வருகிறது என்பது எனக்கு அரிச்சுவடி. அரிச்சுவடியை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன். அவரைத் திட்ட வாயெடுத்தவள் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிப்போனேன்.

“எவ்வளவு ஆழம் வெட்டினாங்க?” என்று கேட்டேன்.

“கொடி நின்ன மேட்டுல மட்டும் ஒரு அடிக்குக் கொறைவு. மத்த எடம் மேலாக்கச் செரண்டுனதுதான். ஏன்?”

“கிழங்கும் அந்த ஆழத்துலதான் இருக்கும். வெட்டின மண்ணு எங்க?”

கேட்கும்வரை எனக்கே நம்பிக்கை இல்லை. அண்ணாச்சி உடனே போனை எடுத்தார். ஜேசிபிக்காரர் டிராக்டர்க்காரர் நம்பரைக் கொடுத்தார். டிராக்டர்க்காரர் சாவகாசமாகச் சொன்னது வெளியே எனக்கும் கேட்டது: “பதினோரு நடை அண்ணாச்சி. நல்ல செவல் மண்ணுன்னு ஒரு வீட்டுக்கு பேஸ்மட்டம் நிரப்பக் கேட்டாக. அங்கதான் தட்டிருக்கு.”

“வே, அதுக்கு மேல வேற மண்ணு போட்டு மூடிட்டாகளா?”

“அது தெரியலியே. நாளைக்குக் காலையில தளத்துக்குக் காங்கிரீட்டுன்னு கொத்தனார் சொன்னாரு.”

அந்த வீடு ஊருக்கு மேற்கே புதிதாகப் போட்ட மனைகளில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து இருக்கும். சுவர் எழும்பாத அடித்தளம். அறை அறையாகப் பிரித்த கட்டுக்குள் எங்கள் மண் குவியல் குவியலாகக் கிடந்தது. இரண்டு பேர் மண்வெட்டியால் பரத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தண்ணீர்க் குழாயை எடுத்து வந்துகொண்டிருந்தார். தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, மறுநாள் கான்கிரீட் போடுவது திட்டம்.

“தண்ணி விடாதீக, ஒரு நிமிஷம்,” என்று அண்ணாச்சி காரிலிருந்து இறங்கும்போதே கையைக் காட்டினார். நான் நேராக மண்ணுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். புடவையைப் பற்றியெல்லாம் நினைக்கவில்லை.

வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது கடையநல்லூர். புருஷன் சவூதியில் வேலை பார்க்க, வீட்டு வேலை முழுவதையும் இவள்தான் நின்று பார்த்தாள்.

“யாரு நீங்க? எங்க மண்ணுல என்ன தேடுதிய?”

நான் கையில் அகப்பட்டதைத் தூக்கிக் காட்டினேன். அல்லா, யேசு, சங்கரநாராயணர் எல்லாருமாகச் சேர்ந்து என் விரலுக்கு அடியில் கொண்டுவந்து வைத்ததுபோல, முதல் குவியலின் ஓரத்திலேயே ஒன்று கிடந்தது. சின்னக் குழிப்பணியாரம் அளவு. மேலே கொஞ்சம் அமுங்கி, பழுப்புத் தோலோடு. நகத்தால் லேசாகக் கீறினேன். உள்ளே வெள்ளையாக ஈரம் கசிந்தது.

“இது உசுரோட இருக்கும்மா,” என்றேன். “அபூர்வமான செடியோட கிழங்கு. தெரியாம மண்ணோட சேந்து வெட்டிட்டாங்க. இதே மாதிரி இன்னும் நாப்பது இந்த மண்ணுக்குள்ள இருக்கு. சலிச்சு எடுத்துட்டு மண்ணை உங்களுக்கே திருப்பித் தந்துருதோம். ஒரே ஒரு நாள் வேணும்.”

கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. “நாளைக்கு மிக்சர் மெஷின் வருது, ஆள் வருது. எல்லாத்தையும் எப்படி நிறுத்த?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அந்தப் பெண் கிழங்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு புருஷனுக்கு வீடியோ காலில் பேசினாள். போனைத் திருப்பிக் கிழங்கைக் காட்டினாள், என்னைக் காட்டினாள், மண்ணில் உட்கார்ந்திருந்த என் கோலத்தைக் காட்டினாள். மறுமுனையில் இருந்தவர் தலையில் தொப்பியும் வேலை உடையுமாக இருந்தார்.

“என்ன கிழங்காம்?”

“பேரு வாய்ல நுழையல. உசுரு இருக்காம். நாளைக்கு ஒருநாள் நிறுத்தச் சொல்லுதாக.”

“நீ என்ன சொல்லுதே?”

“உசுருள்ளதை உள்ள போட்டு மூடி, அதுக்கு மேல வீடு கட்டினா பரக்கத்து இருக்குமா, வீடு விளங்குமா?” என்றாள்.

அவர் சிரித்த சத்தம் கேட்டது. “அப்போ எடுத்துட்டுப் போகட்டும். ரெண்டு வருஷமா கட்டாத வீடு ஒருநாள்ல என்ன ஆயிரப் போவுது.”

நான் அடுத்த குவியலுக்கு நகர்ந்தேன்.

மறுநாள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது, தறி ஓடாது. தறிக்கூடத்து ஆட்களை அண்ணாச்சி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். தறி ஓட்டுகிறவர்கள், நூல் சுற்றுகிற பெண்கள் என்று பதினைந்து பேருக்கு மேல். கொத்தனாரே முறைத்துக்கொண்டு இரண்டு மணல் சல்லடையை எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி இன்னும் நாலு வாங்கி வந்தார்.

எதைத் தேட வேண்டும் என்று எல்லாருக்கும் காட்டுவதற்காக அந்த முதல் கிழங்கைத் தூக்கிப் பிடித்தேன். சரிகை நூல் சுற்றுகிற ஒரு அம்மா கூட்டத்தில் நின்றபடி, “இதுவா?” என்றாள். “இதை நாங்க சின்னப்பிள்ளையில ஆடு மேய்க்கப் போவும்போது தோண்டித் திம்போமே.”

“நிஜமாவா? இதுக்கு என்ன பேர் சொல்லுவிய?” ஆவலில் என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. ஊர்ப்பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி அது.

“பேரு யாருக்குத் தெரியும். கிழங்கும்போம்.”

“எப்படி இருக்கும்?”

“இனிப்பா இருக்கும். லேசாத் தொண்டையில கரகரங்கும்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்ப திங்க மாட்டோம் டீச்சர், பயப்படாதிய,” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று அதிகம் கண்டுபிடித்தது அந்த அம்மாதான். நான் சல்லடையில் மிஞ்சிய கல்லையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பேன். அவள் ஒரு பார்வையில் பொறுக்கிவிடுவாள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சல்லடையின் ஒரு பக்கத்தைப் பிடித்து ஆட்டினார். சர்க்கரைக்காரர், வெயில் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். “இன்னைக்கு நடக்கப் போவலல்லா, அதுக்குப் பதிலு,” என்றார். வீட்டுக்காரப் பெண் மத்தியானம் எல்லாருக்கும் மோரும் எலுமிச்சைச் சாதமும் அனுப்பினாள்.

சாயங்காலம் கரண்ட் வந்தபோது அந்தக் கொடியின் கிழங்கு இருபத்தொன்பது இருந்தன. நரிவெங்காயம் ஒரு கூடைக்கு மேல். நிலப்பனையும் கண்வலிக்கிழங்கும் தனித்தனியாக. பல கிழங்குகளில் ஜேசிபி பல் பட்டு வெட்டு விழுந்திருந்தது. வெட்டுக்குச் சாம்பல் தடவி, நூல் கோன் வருகிற அட்டைப்பெட்டிகளில் காய்ந்த மணலைப் பரப்பி அடுக்கினோம். சலித்த மண்ணைத் தறிக்காரர்களே கட்டுக்குள் திரும்ப அள்ளிப்போட்டு மட்டப்படுத்தினார்கள். கொத்தனார் அதைப் பார்த்துவிட்டு, “இப்பத்தான் மண்ணு கல்லில்லாம பூ மாதிரி இருக்கு,” என்றார். அதற்குமேல் அவரிடம் ஒரு பாராட்டு எதிர்பார்க்க முடியாது.

திறப்பு விழா நடக்கவில்லை. பந்தல் குழிகளை அண்ணாச்சி மூடச் சொன்னார். என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயெடுத்து, ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.

“சரி விடுங்க,” என்றார். “இனிமே எனக்குத் தெரியும்னு எதையும் நெனைக்காதிய. மண்ணுக்கு மேல இருக்கிறது, கீழ இருக்கிறது, எல்லாத்தையும் சொல்லுங்க. நான் நூல் யாவாரி.”

அதற்குப் பிறகுதான் நான் அவருக்கு ஒழுங்காகப் பாடம் சொன்னேன். ஒரு நிலப்பனைக் கிழங்கை அறுத்து, இதில் இருக்கிற மாவுச்சத்துதான் எட்டு மாதச் சாப்பாடு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும் என்று காட்டினேன். அதனால்தான் போர் வேண்டாம் என்றேன், அதனால்தான் புல்தரை வேண்டாம் என்றேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் டைரியில் எழுதவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “சும்மா இருக்கிறதுலயும் இவ்வளவு வேலை இருக்கா,” என்றார்.

பெட்டிகள் கோடை முழுவதும் ஆய்வகத்து அலமாரியில் இருந்தன. விடுமுறையிலும் வாரம் ஒருதரம் போய்த் திறந்து பார்ப்பேன். நாலு கிழங்கு அழுகிவிட்டது. இரண்டை எறும்பு தின்றது. மீதி தொட்டால் கெட்டியாகத்தான் இருந்தது. கெட்டியாக இருப்பதும் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி அண்ணாச்சியிடமும் மறைக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுக் கூட்டத்தில் அவர் என்னைப் பார்த்தபோது, அத்தனை சத்தத்துக்கு நடுவிலும் முதலில் கேட்டது, “பெட்டி எப்படி இருக்கு?” என்பதுதான்.

புரட்டாசிக் கடைசியில், சல்லடையில் மிஞ்சிய பழைய சரளையை மேட்டில் ஆங்காங்கே திரும்பக் கொட்டி, மிஞ்சிய இருபத்து மூன்றையும் புதைத்தோம். நிழலுக்கு முள்கட்டைகளை வெட்டிப் போட்டோம். அந்த வருஷம் ஐப்பசி பிறந்து பதினெட்டு நாள் மழை இல்லை. வானம் கறுக்கும், காற்றடிக்கும், தென்காசிப் பக்கம் பெய்ததாகச் சொல்வார்கள். பிறகு ஒருநாள் சாயங்காலம் தொடங்கி விடாமல் பெய்தது.

ஒன்பதாம் நாள் காலை நான் முதலாண்டு வகுப்பில் இருந்தேன். போன் மேஜைமேல் துடித்துக்கொண்டே நகர்ந்தது. வகுப்பில் நான் போன் எடுப்பதில்லை. அன்று எடுத்தேன்.

“டீச்சர், ஒண்ணு வந்துருக்கு.”

“நல்லாப் பாத்தியளா? புல்லா இருக்கப் போவுது.”

“புல்லு இல்ல. ரெண்டு எலை எதிரெதிரா. நுனி சுத்தப் பாக்குது. நான் தரையில படுத்துப் பாத்துட்டுத்தான் பேசுதேன்.”

நான் பிள்ளைகள் பக்கம் முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். விட்ட இடம் எது என்று ஒரு பெண்தான் எடுத்துக்கொடுத்தாள்.

அடுத்த மூன்று வாரத்தில் பத்தொன்பது வந்தன. நாங்கள் புதைக்காத இடத்திலும் இரண்டு வந்தன. ஜேசிபியின் பல்லுக்கும் கீழே இருந்தவை அவை. நரிவெங்காயம் எதுவும் நடக்காததுபோல எல்லா இடத்திலும் முளைத்து நின்றது. கார்த்திகையில் பூ வந்தது. பூவுக்குள் ஈயும் வந்தது. முதல் பூவைப் பார்க்க அண்ணாச்சியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தரையில் குனிந்தோம். காவலாளி, “இதுக்குத்தானா இவ்வளவு பாடும்?” என்றார். இதற்குத்தான்.

அந்த மார்கழியில் வீட்டுக்காரப் பெண்ணிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. செப்டிக் டேங்க் ஓரம், கம்பிக்கட்டில் சுற்றி ஏறிய ஒரு கொடி. கீழே, ‘இது உங்களதா? கொத்தனார் புடுங்கப் போனார். நான் விடல’ என்று எழுதியிருந்தாள். எங்கள் சல்லடைக்குத் தப்பிய ஒன்று. எடுத்துக்கொள்ள வரவா என்று கேட்டேன். ‘இருக்கட்டும். வீட்டைக் காட்டச் சொன்னா அவுக இதைத்தான் முதல்ல காட்டச் சொல்லுதாக’ என்று பதில் வந்தது. அங்கேயே விட்டுவிட்டோம். ஒரு செடி இரண்டு இடத்தில் இருப்பது எப்போதும் நல்லது.

எனக்கு இருந்த ஒரே பயம், அண்ணாச்சிக்குப் பிறகு என்ன என்பது. அவருடைய மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். அந்தச் சாலையில் மனை விற்கிற பலகைகள் குருவிகுளம் பக்கம் நகர்ந்துகொண்டே போகின்றன. இதை எப்படிக் கேட்பது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, தை மாதத்தில் அவரே கூப்பிட்டார். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார், ஆதார் அட்டையோடு.

போனால், மகனும் வந்து உட்கார்ந்திருந்தார். நிலத்தை ஓர் அறக்கட்டளையின் பேருக்கு எழுதியிருந்தார்கள். விற்கவோ, கட்டடம் கட்டவோ கூடாது, செடிகளுக்காக மட்டும் என்று வக்கீல் வாசித்தார். பொறுப்பாளர்களில் என் பேரும், கல்லூரித் துறைத் தலைவராக யார் வருகிறாரோ அவரும், மகனும். மகனுக்கு இதில் வருத்தம் இருக்குமோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் தெரிந்துகொண்டார்போல.

“அப்பா சுகர் இந்த ரெண்டு வருஷமாத்தான் கன்ட்ரோல்ல இருக்கு டீச்சர்,” என்றார். “அந்த இடத்தை விட்டா அவரு எங்க நடப்பாரு?”

கையெழுத்துப் போட, விரல் ரேகை வைக்க, போட்டோ எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. வாசலில் அண்ணாச்சி சர்க்கரை இல்லாத டீயை ஊதி ஊதிக் குடித்தார். மகன் காரில் இறக்கிவிடுவதாகச் சொன்னார், நான் நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து ரசமும் சாதமும் சாப்பிட்டேன். எனக்குப் பகலில் தூங்கும் பழக்கம் கிடையாது. சும்மா படுத்துப் பார்ப்போமே என்று படுத்தேன். கணவர் அலுவலகத்திலிருந்து வந்து காபி போட்டு எழுப்பும்போது மணி ஆறு.